வெர்மொன்ட் மாநிலக் கணக்காய்வாளரைத் தெரிவு செய்வது எப்படி: யாழ்ப்பாணத்து உறவுகளுக்கான வழிகாட்டி

நம் நாட்டில் கணக்காய்வாளர் என்பவர் நியமனத்தால் வருபவர். கணக்காய்வாளர் நாயகத்தை அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் ஜனாதிபதி நியமிக்கிறார். அவருடைய உத்தியோகத்தர்கள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கும் பிரதேச சபைகளுக்கும் வந்து கோப்புகளைப் பார்க்கிறார்கள், ஐயவினா அனுப்புகிறார்கள், பதில் கேட்கிறார்கள். இதில் வாக்காளருக்கு ஒரு பங்கும் இல்லை. ஆகவே இங்கிருந்து போய் அமெரிக்கப் பிரஜாவுரிமை பெற்ற பிள்ளைகள், ஆளுநர், பொருளாளர் ஆகிய பெயர்களுக்குக் கீழே கணக்காய்வாளர் பதவியையும் வாக்குச்சீட்டில் கண்டு, இவருக்கு எதைப் பார்த்து வாக்களிப்பது என்று தொலைபேசியில் கேட்கும்போது, கோண்டாவிலில் இருக்கும் தகப்பனுக்கும் பதில் தெரிவதில்லை. அமெரிக்க மாநிலங்களில் ஏறத்தாழப் பாதியில் இப்பதவி தேர்தலால் நிரப்பப்படுகிறது. இங்கே வெர்மொன்டை எடுத்துக்கொள்கிறேன். 2020 குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 643,077 பேர். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகையைவிடச் சற்றே கூடுதல். அவர்களில் 64.9 சதவீதத்தினர் கிராமப்புறத்தவர். அமெரிக்காவில் இதைவிடக் கிராமியமான மாநிலம் வேறில்லை.

வேட்பாளரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், உங்கள் வீட்டில் யாருக்கு வாக்குரிமை உண்டு என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மாநிலத் தேர்தலில் அமெரிக்கப் பிரஜைகள் மட்டுமே வாக்களிக்கலாம். வினூஸ்கி, மொன்ட்பீலியர் போன்ற நகரங்கள் சட்டபூர்வமாக வதியும் வெளிநாட்டவர்களையும் தங்கள் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்க அனுமதிக்கின்றன. அந்த அனுமதி நகர எல்லையோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுடன் இருப்பதற்காகக் கிறீன் காட்டில் (நிரந்தர வதிவிட அனுமதியில்) போயிருக்கும் அம்மா, அப்பா இதில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். வெர்மொன்டில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும்போதே வாக்காளர் பதிவும் தன்னியக்கமாக நடக்கும் ஏற்பாடு உண்டு. பிரஜை அல்லாதவர் அந்த இடத்தில் மறுப்பைத் தெளிவாகக் குறிப்பிடத் தவறி, பின்னர் வந்த வாக்குச்சீட்டையும் நிரப்பி அனுப்பினால், அது நாடுகடத்தல் வரை போகக்கூடிய குற்றமாகும். புதிய பிரஜைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. தேர்தல் நாளன்றுகூடப் பதிவு செய்யலாம், ஆனால் முதன்முறை பதிபவர் வாக்காளர் சத்தியப்பிரமாணம் ஒன்றைச் செய்ய வேண்டும்.

அடுத்து, இந்தப் பதவியால் எதைச் செய்ய முடியாது என்பதை அறிந்துகொள்வது பாதி வேலையை முடித்துவிடும். கணக்காய்வாளர் வரியைக் குறைக்க முடியாது, ஒரு திணைக்களத்தை மூட முடியாது, யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. மாநிலத்தின் வருடாந்த நிதிக்கூற்றுகளின் கணக்காய்வைக்கூட ஒரு தனியார் கணக்காளர் நிறுவனமே ஒப்பந்தத்தின்பேரில் செய்துகொடுக்கிறது. அலுவலகத்தின் சொந்த உழைப்பு பெரும்பாலும் செயலாற்றல் கணக்காய்வில், அதாவது செலவிட்ட பணத்துக்குத் தக்க பலன் கிடைத்ததா என்று பார்ப்பதில் போகிறது. முடிவில் அவர் கையில் இருப்பது ஓர் அறிக்கையும் சில விதப்புரைகளும் மட்டுமே. எனவே தேர்தல் மேடையில் வரிக்குறைப்பு வாக்குறுதி தரும் கணக்காய்வாளர் வேட்பாளர், ஒன்றில் பதவியை அறியாதவர், அல்லது வாக்காளர் அதை அறியமாட்டார் என்று நம்புபவர். இரண்டுமே அவரை விலக்கிவைக்கப் போதுமான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பட்டயக் கணக்காளராக இருக்க வேண்டும் என்று வெர்மொன்ட் சட்டம் கேட்பதில்லை. 2012 தேர்தலில் வென்று 2013 ஜனவரியில் பதவியேற்று, 2024 வரை ஒவ்வொரு தேர்தலிலும் மீண்டும் தெரிவான டக் ஹொஃபர் கணக்காளராக அல்ல, கொள்கை ஆய்வாளராக இருந்து வந்தவர். படிப்புக்கு நம் ஊர் கொடுக்கும் மதிப்பை அறிந்தே சொல்கிறேன்: பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைவிட, அவர் எதைக் கணக்காய்வு செய்யப்போகிறார் என்ற தெரிவே கனமானது. ஆட்தொகை குறைந்த அலுவலகம் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. எதைப் பார்க்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதிலேயே அதன் அரசியலும் நேர்மையும் வெளிப்படுகின்றன.

பதவியில் இருப்பவர் மீண்டும் போட்டியிட்டால், அவரை எடைபோட அவருடைய அறிக்கைகளில் ஒன்றை எடுத்து வாசியுங்கள். அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதற் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்கத் தேவையில்லை. சுருக்கத்தைப் பார்த்த பின்னர் நேரே விதப்புரைகளுக்குச் செல்லுங்கள். 'மேற்பார்வை மேம்படுத்தப்பட வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத வசனம். எந்த அதிகாரி எந்தப் பதிவேட்டை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தால், செய்யாதவர் பின்னர் தப்ப முடியாது. அதன்பின் இணைப்பாக வரும் திணைக்களத்தின் பதிற்கடிதத்தை வாசியுங்கள். அறிக்கையிலேயே மிகச் சுவையான பகுதி அதுதான் என்பேன். திணைக்களம் எதை ஒப்புக்கொள்கிறது, எதை மறுக்கிறது, மறுப்புக்குக் கணக்காய்வாளர் ஆதாரத்துடன் பதில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இறுதியாக, முந்தைய ஆண்டுகளின் விதப்புரைகள் நிறைவேற்றப்பட்டனவா என்பதை அலுவலகம் பின்தொடர்ந்து வெளியிடும் விபரத்தைத் தேடுங்கள். நிறைவேறியவை மிகக் குறைவாக இருந்தால், குறை திணைக்களங்களிடமா, நடைமுறைக்கு ஒவ்வாத விதப்புரைகளை எழுதியவரிடமா என்று கேட்க வேண்டும்.

எதிர்த்துப் போட்டியிடுபவரிடம் காட்ட அறிக்கை இராது. அவரிடம் கேள்விதான் கேட்க வேண்டும். வெர்மொன்டில் கேட்பதற்குக் கேள்விகள் தாராளமாக உண்டு. ஒரு நகரப் பகுதியில் புதிய கட்டடங்களால் கூடும் சோலைவரியின் ஒரு பங்கை, அந்தப் பகுதியின் உட்கட்டமைப்புக்கு எடுத்த கடனை அடைக்கத் திருப்பிவிடும் வரிப்பெருக்க நிதித் திட்டங்கள் அங்கு உள்ளன. அவற்றைக் கணக்காய்வு செய்வது சட்டப்படியே கணக்காய்வாளருடைய கடமை. அந்தக் கட்டடங்கள் திட்டம் இல்லாமலே எழுந்திருக்குமா என்பதை எப்படிக் கணிப்பீர்கள் என்று கேளுங்கள். பொதுப்பணத்தைப் பெறும் தனியார் அமைப்புகளின் ஏடுகளை எப்படிப் பெறுவீர்கள் என்றும் கேளுங்கள். வன்கெயார் என்ற சுகாதார அமைப்பின் சம்பளப் பதிவுகளைக் கோரி ஹொஃபர் வழக்குத் தொடுத்தபோது, ஒப்பந்தம் அந்த உரிமையை அவருக்குத் தரவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. சட்டசபையிடம் போய்ச் சட்டத்தைத் திருத்தக் கேட்பேன் என்று ஒருவர் சொல்லலாம், ஒப்பந்தங்களில் அந்த வாசகத்தைச் சேர்ப்பிக்கப் பார்ப்பேன் என்று இன்னொருவர் சொல்லலாம். தீர்ப்பையே அறியாதவர் வீட்டுப்பாடம் செய்யாதவர்.

குடிவரவாளர்களான நமக்கு இன்னொரு கேள்வி மிக நெருக்கமானது. வெர்மொன்டின் வடக்கிலுள்ள ஜே பீக் பனிச்சறுக்கு விடுதித் திட்டத்தில், கிறீன் காட்டை எதிர்பார்த்து ஆளுக்கு ஐந்து இலட்சம் டொலர் முதலிட்ட வெளிநாட்டவரின் பணம் பெருமளவில் முறைகேடாகக் கையாளப்பட்டதாக 2016 இல் மத்திய பங்குச் சந்தை ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது; திட்டத்தின் தலைவர்கள் பின்னர் சிறைத்தண்டனை பெற்றனர். அத்திட்டத்தைக் கண்காணிக்க வேண்டிய மாநில நிலையம், அதே முதலீட்டுத் திட்டத்தை வெளிநாடுகளில் விளம்பரப்படுத்தியும் வந்தது. ஒரே அலுவலகம் விற்பனையாளராகவும் மேற்பார்வையாளராகவும் இருக்கும் வேறு இடங்கள் இன்று எவை என்று வேட்பாளரைக் கேட்டுப் பாருங்கள். பதிலில் பெயர்கள் வருகின்றனவா, பொதுப்பேச்சு வருகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

கட்சியை அறவே பார்க்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆளுநரும் கணக்காய்வாளரும் வெவ்வேறு கட்சியினராக இருப்பதில் நன்மை உண்டு; ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஐயோவா மாநிலத்தில் 2022 இல் மூவாயிரத்துக்கும் குறைவான வாக்குகளால் மீண்டும் வென்ற ஜனநாயகக் கட்சிக் கணக்காய்வாளர் ரொப் சாண்ட், எதிர்க்கட்சியின் கையிலிருந்த சட்டசபை 2023 இல் இயற்றிய சட்டத்தால் சில பதிவுகளைப் பார்க்கும் வசதியையும், அரச நிறுவனங்கள் தகவல் தர மறுத்தால் நீதிமன்றம் செல்லும் வழியையும் இழந்தார். ஆகவே சட்டசபைக்கு யாரை அனுப்புகிறீர்கள் என்பதும் இந்தத் தெரிவுடன் பிணைந்தது.

இனி வாக்களிக்கும் முறை. பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள் என்பதால் இரட்டைப்பட எண் கொண்ட ஒவ்வோர் ஆண்டும் இத்தேர்தல் வருகிறது. ஓகஸ்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கட்சிகளின் வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தல் நடைபெறும். 2026 இல் அது ஓகஸ்ட் 11. வெர்மொன்டில் வாக்காளர் கட்சியில் பதிவதில்லை. பெரிய கட்சிகள் எல்லாவற்றின் சீட்டுகளும் உங்கள் கைக்குத் தரப்படும்; ஒன்றை மட்டும் நிரப்பி, மற்றவற்றை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு கட்சிகளின் சீட்டுகளை நிரப்பினால் உங்கள் வாக்கு எண்ணப்படாது. இந்தக் கட்டத்தைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் ஒரு கட்சி வலுவாக உள்ள இடத்தில் உண்மையான தெரிவு ஓகஸ்டிலேயே முடிந்துவிடும். பொதுத்தேர்தலும் சில வேளை நூலிழையில் தீரும்: 2006 இல் பதவியிலிருந்த ராண்டி புரொக் வென்றதாக முதலில் எண்ணப்பட்டு, மீள்எண்ணிக்கைக்குப் பின்னர் தோமஸ் சல்மன் 102 வாக்குகளால் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

2026 நவம்பர் 3 இல் நடைபெறும் பொதுத்தேர்தலுக்கு, பதிவிலுள்ள வாக்காளர்களுக்கு வாக்குச்சீட்டு தபாலில் தானாகவே வந்துசேரும். முதனிலைத் தேர்தலுக்குத் தபாற்சீட்டு வேண்டுமானால் நகர எழுதுவினைஞரிடம் கேட்டே பெறவேண்டும். சீட்டில் வீடோ சைக்கிளோ வேறு சின்னமோ இராது. பெயர், வேட்பாளர் வதியும் ஊர், கட்சி ஆகிய மூன்றுமே இருக்கும், ஒருவருக்கு இரண்டு கட்சிகளின் பெயரும் இருக்கலாம். புள்ளடி இட்டுப் பழகிய கையைச் சற்று அடக்கி, பெயரின் பக்கத்திலுள்ள நீள்வட்டத்தை முழுமையாகக் கறுப்பாக்குங்கள். ஆளுநருக்கு ஒரு கட்சியும் கணக்காய்வாளருக்கு இன்னொரு கட்சியுமாக நிரப்பலாம். நிரப்பிய சீட்டை அதனுடன் வரும் சான்றுறையில் இட்டு, உறையில் கையொப்பமிடுங்கள்; கையொப்பமில்லாத உறை குறைபாடுள்ளதாக ஒதுக்கப்படும். தபால் முத்திரையின் திகதி கணக்கில் எடுக்கப்படாது, தேர்தல் நாள் மாலை ஏழு மணிக்குள் உறை நகர எழுதுவினைஞரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே கடைசி வாரத்தில் தபாலை நம்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே நல்லது. அனுப்பிய சில நாட்களின் பின்னர் மாநிலத்தின் 'மை வோட்டர் பேஜ்' தளத்தில் உங்கள் சீட்டு கிடைத்ததா, குறைபாடு ஏதும் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். குறை இருந்தால் வாக்களிப்பு முடியும் நேரத்துக்கு முன்னர் எழுதுவினைஞரின் அலுவலகத்தில் அதைத் திருத்திக்கொள்ளலாம்.