வீட்டுக்குள் ஒரு சுகர் போலீஸ்

பெட்ரோல் போட அப்பாவின் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன், அடியில் நாலைந்து தேன்மிட்டாய்க் கவர்கள். கோபம் வந்தது, அப்புறம் வெட்கமாகிவிட்டது. இந்த மனிதரை எவ்வளவு விரட்டியிருந்தால் இந்த வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒளித்துவைத்துத் தின்றிருப்பார்!

வீட்டில் ஒருவருக்குச் சுகர் வந்ததும் மற்ற எல்லோரும் போலீஸ் ஆகிவிடுகிறோம். தட்டு முன்னால் உட்கார்ந்தால் 'எத்தனாவது இட்லி?', காபி டம்ளரை எடுத்தால் 'சர்க்கரை போட்டீங்களா?'. ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் ஊற்ற வந்த பையனிடம் நான் நாலு இலை தள்ளி உட்கார்ந்துகொண்டு 'அவருக்கு வேண்டாம்ப்பா, சுகர்' என்று கத்தியிருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கத்து இலையில் சம்பந்தி. அப்பா மோர் சாதத்துக்குக் காத்திருக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான், மற்றதெல்லாம் இதன் குட்டிகள். அதட்டினால் இனிப்பு நிற்காது, சீட்டுக்கு அடியில் போய்விடும்.

அடுத்தது, ரிசல்ட்டை மார்க் ஷீட்டாகப் பார்ப்பது. டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து பாதி வயிறு சாப்பிட்டு, வெறும் வயிற்றுச் சுகரை அழகாகக் காட்டிவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் ஹெச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனையிடம் அந்த வேலை செல்லாது. அது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கிற சர்க்கரையை அளக்கிறது, அந்த அணுக்கள் சுமார் 120 நாள் இருக்கும் என்பதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு வந்துவிடும். அவர் ஏமாற்றுகிறார் என்று குதிப்பதற்கு முன்னால், திட்டு வாங்கப் பயந்துதானே இதைச் செய்கிறார் என்று யோசிக்கலாம். அதுவும் போக, அளவு ஏற இனிப்புதான் காரணம் என்றில்லை. காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, தூக்கமில்லாத ராத்திரி, கடன் கவலை எல்லாம் ஏற்றும். மனது பதறினால் அட்ரினலின், கார்டிசால் என்கிற ஹார்மோன்கள் சுரந்து கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும்.

மாத்திரை போட்டுவிட்டு சாப்பாடு தள்ளிப்போய், திடீரென்று எரிந்துவிழுகிறார், வேர்க்கிறது, கை நடுங்குகிறது என்றால் பதிலுக்குச் சண்டை போடாதீர்கள். லோ சுகராக இருக்கலாம். இன்சுலினும் சில மாத்திரைகளும் அப்படி இறக்கும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

டைப் 1 என்கிற வகைச் சுகர் வந்த குழந்தைகள் விஷயத்தில் நம் ஊர் வாய் இன்னும் மோசம். 'சின்ன வயசுல சாக்லேட் நிறைய குடுத்தியா?' என்று அம்மாவைக் கேட்பார்கள். இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது அது, சாக்லேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெண் பிள்ளை என்றால் வரன் பார்க்கும்போது மறைத்துவிடுகிறார்கள். அந்தப் பெண் மாமியார் வீட்டுக் குளியலறையில் ஒளிந்து ஊசி போட வேண்டும், ஆள் இருந்தால் போடாமல் விட வேண்டும். டைப் 1-இல் இன்சுலினை விட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் கீட்டோஅசிடோசிஸ் வந்து உயிருக்கே ஆபத்து. வரன் தட்டிப்போனால் போகட்டும், சொல்லிவிடுங்கள்.

நாள் தவறாமல் மாத்திரை, ஊசி, கணக்கு என்று ஓடி ஒரு கட்டத்தில் 'எப்படியோ போகட்டும்' என்று கையை விரித்துவிடுவார்கள். நாம் இதைத் திமிர் என்போம். மருத்துவர்கள் இதை டயபெட்டிஸ் டிஸ்ட்ரெஸ் என்கிறார்கள், இதை அளப்பதற்கென்றே 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம்கூட 1995-லிருந்து இருக்கிறது. மனச்சோர்வு இதிலிருந்து வேறு, அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். எதுவானாலும் சுகர் டாக்டரிடம் 'அலுத்துப்போச்சு' என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

ஒரு நாள் அப்பாவிடமே கேட்டேன், நாங்கள் என்னதான் செய்ய வேண்டும் என்று. 'சாயங்காலம் கூட நடக்க வா. பந்தியில கத்தாதே' என்றார். நடக்கிறோம். சீட்டைத் தூக்குவதும் பெட்ரோல் போடும்போது மட்டும்தான்.