உபுண்டுவில் தமிழ்99: பெயர் ஒன்று, விசைப்பலகை இரண்டு

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மாதம் ஒரு சுற்றறிக்கை தட்டச்சு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, என்னிடம் இருந்தது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய ஒரு பழைய மடிக்கணினி மட்டுமே. அமைப்புகளில் தமிழைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தவன், 'தண்ணீர்த் தொட்டி' என்ற இரண்டு சொற்களை ஒழுங்காக அடிப்பதற்குள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கும் வீணாக வேண்டாம் என்பதற்காக, நான் கடைசியில் கண்டுபிடித்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன். உபுண்டு 24.04 பதிப்பை, அதன் இயல்பான நோம் மேசைத்தளத்தோடு, நீங்கள் ஏற்கெனவே நிறுவியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், எந்த விசைப்பலகை என்ற கேள்வி. ஆங்கில எழுத்துகளில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறையும் லினக்ஸில் கிடைக்கிறது. பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் தமிழ்99 தவிர வேறெதையும் பரிந்துரைப்பதில்லை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற இந்த அமைப்பில், உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் இருப்பதால், கைகள் மாறிமாறி இயங்கும். ஒலிபெயர்ப்பு முறையில் ந, ன, ண மூன்றுக்கும் ஷிப்ட்டையும் மாற்று விசைகளையும் நினைவில் வைத்துத் தடுமாறும் தொல்லை இதில் இல்லை. ஒரு வாரம் விரல் வலிக்கும், பிறகு பழகிவிடும்.

படி 1: ஐபஸ் வழியாகத் தமிழை நிறுவுதல்

நோம் மேசைத்தளம் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கட்டமைப்பைத் தன்னோடு கொண்டே வருகிறது. அதற்குத் தமிழ் கற்றுத்தருவது எம்17என் என்ற தொகுப்பு. 'பன்மொழியாக்கம்' என்பதற்கான நீண்ட ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து எம், கடைசி எழுத்து என், இடையில் 17 எழுத்துகள். ஜப்பானில் தொடங்கிய ஒரு திட்டத்தின் பெயர் அது. இந்தத் தொகுப்பு தனியாக ஒரு சாளரம் திறக்கும் செயலி அன்று என்பதால், உபுண்டுவின் செயலிக் கடையான ஆப் சென்டரில் இதைத் தேடுவது பெரும்பாலும் வீண். ஆகவே ஆப் சென்டரில் சினாப்டிக் என்ற தொகுப்பு மேலாளரை மட்டும் தேடி நிறுவுங்கள். தேடல் முடிவில் அது வராவிட்டால், ஸ்னாப் தொகுப்புகள் என்றிருக்கும் வடிகட்டியை டெபியன் தொகுப்புகள் என்று மாற்றிப் பாருங்கள். கட்டளைகளை அடிக்கும் முனையத்தில் ஒரே வரியில் இதையெல்லாம் முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனாலும், எது நிறுவப்பட்டிருக்கிறது, எது இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க முடிவதால், புதியவர்களுக்குச் சினாப்டிக்கே நல்லது என்பது என் கருத்து.

சினாப்டிக்கைத் திறந்து, தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் எம், 1, 7, என் ஆகிய நான்கையும் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். வரும் பட்டியலில் ஐபஸ் என்று தொடங்கி, ஒரு சிறு கோடு போட்டு, எம்17என் என்று முடியும் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். தமிழ் எழுத்துருக்கள் ஏற்கெனவே இருக்கும்; என்றாலும், வந்த வேலையோடு லோகித் தமிழையும் மீரா இனிமையையும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம்.

இப்போது கணினியிலிருந்து வெளியேறி, மீண்டும் உள்நுழையுங்கள். அமைப்புகள் சாளரத்தை மூடித் திறப்பது போதாது. ஐபஸ் நீங்கள் உள்நுழையும் நேரத்தில் தொடங்கி, அப்போது இருக்கும் உள்ளீட்டு முறைகளையே கணக்கில் எடுத்துக்கொள்வதால், புதிதாக நிறுவியது பட்டியலில் தென்படாமல் போகும். இந்த ஒன்றைச் செய்யாமல், தொகுப்பை மூன்று முறை நீக்கி மூன்று முறை நிறுவினேன் நான்.

படி 2: சரியான தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தல்

என் ஞாயிற்றுக்கிழமையின் பெரும்பகுதி கரைந்தது இங்கேதான், ஆகையால் நிதானமாகச் சொல்கிறேன். அமைப்புகளில் விசைப்பலகைப் பக்கத்துக்குச் சென்று, உள்ளீட்டு மூலங்கள் என்ற பகுதியில் புதிதாகச் சேர்ப்பதற்கான பொத்தானை அழுத்தினால், மொழிகளின் பட்டியல் வரும். தமிழ் கண்ணில் படவில்லை என்றால், கீழே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்துங்கள்; பட்டியல் விரியும். அதில் தமிழுக்குக் கீழே பல பெயர்கள் இருக்கும். ஒன்றில் 'தமிழ்நெட் 99' என்றும், இன்னொன்றில் 'தமிழ்99' என்று எழுதி அதன் பின்னே அடைப்புக்குறிக்குள் எம்17என் என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றே என்று நினைத்து, முதலில் கண்ணில் பட்ட தமிழ்நெட் 99ஐச் சேர்த்துவிட்டேன்.

இரண்டும் ஒன்றல்ல. தமிழ்நெட் 99 என்பது எக்ஸ்கேபி என்ற அடிமட்ட விசைப்பலகை வரைபடம். ஒரு விசையை அழுத்தினால் அதற்குரிய எழுத்துக் குறியை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடும். இதற்கு முன் நீங்கள் எந்த எழுத்தை அடித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தமிழ்99இன் உயிர்நாடியே முன் எழுத்தைப் பார்ப்பதுதான்: ஒரே மெய்யை இரு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும், ங-வுக்குப் பின் க, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. அந்த அறிவு எம்17என் வழியாக வரும் தமிழ்99இல்தான் இருக்கிறது. அதையே சேர்த்துக்கொள்ளுங்கள், மற்றதைச் சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

சோதிப்பது எளிது. உரைத்திருத்தியைத் திறந்து, சூப்பர் விசையையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்தித் தமிழுக்கு மாறுங்கள். சூப்பர் விசை என்பது பெரும்பாலான மடிக்கணினிகளில் விண்டோஸ் படம் போட்ட விசை. பிறகு ஆங்கில விசைகளில் ஏ, கே, கே, க்யூ என்று நான்கை அழுத்துங்கள். திரையில் 'அம்மா' என்று வந்தால், நீங்கள் சேர்த்தது சரியானது. முதல் மகரத்தின் தலையில் புள்ளி விழவில்லை என்றால், தவறானதைச் சேர்த்திருக்கிறீர்கள்.

தவறானதற்கு இன்னொரு விபரீதமும் உண்டு. அதைத் தமிழில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரை பூட்டியிருந்தது. கடவுச்சொல்லை எத்தனை முறை அடித்தாலும் ஏற்கவில்லை. எக்ஸ்கேபி வரைபடம் பூட்டுத்திரையிலும் தொடர்வதால், வட்டப் புள்ளிகளுக்குப் பின்னே நான் அடித்துக்கொண்டிருந்தது தமிழ். மேல் மூலையில் உள்ள மொழிக் குறியை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் கணினியையே ஒரு முறை அணைத்து எழுப்பியிருந்தேன். ஐபஸ் வழித் தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கடவுச்சொல் பெட்டியில் நோம் அதை ஒதுக்கி வைத்துவிடும். எப்படியானாலும், பட்டியலில் ஆங்கிலத்தை முதலிடத்தில் வைத்திருங்கள்.

படி 3: அகரம் என்னும் தடுப்பு

தானாக விழும் புள்ளி வேண்டாத இடங்களும் உண்டு. 'மமதை' என்று எழுத இரண்டு மகரத்தை அடுத்தடுத்து அடித்தால் 'ம்ம' என்றாகிவிடும். ஆகவே முதல் மகரத்துக்குப் பின் ஏ விசையில் உள்ள அகரத்தை ஒரு முறை தட்டி, பிறகு இரண்டாவதை அடிக்க வேண்டும். 'நதி'யிலும் இதே கதைதான். ந, த இரண்டும் இன எழுத்துகள் என்பதால், இடையில் அகரம் இல்லாவிட்டால் 'ந்தி' வரும். சொல்லின் இறுதியில் புள்ளி வைக்க எஃப் விசை: 'பக்கம்' என்பதற்கு ப, க, க, ம, கடைசியில் எஃப். இவ்வளவு தெரிந்தால் மீதி எல்லாம் பழக்கம்.

படி 4: லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் எழுத்தளவு

ரைட்டர் என்ற சொற்செயலி தமிழைச் சிக்கலான எழுத்தமைப்புள்ள மொழிகளின் கூட்டத்தில் வைத்து, ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழுக்கு வேறோர் எழுத்துருவும் அளவும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. என் சுற்றறிக்கையில் 'பிளாக் பி' என்பதற்கு ஆங்கில எழுத்தைப் போட்ட இடத்தில் மட்டும் அது தமிழைவிடப் பருத்து நின்றதற்குக் காரணம் இதுவே. டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸைத் திறந்து, மொழி அமைப்புகளில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, அதன் இயல்பு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின், அதே சாளரத்தில் ரைட்டருக்கான பகுதியில் சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டின் சுருக்கம்) என்று முடியும் அடிப்படை எழுத்துருப் பக்கம் ஒன்று தோன்றும். அங்கே தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழை வைத்து, அளவை ஆங்கிலத்தைவிட ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலம் 12 என்றால் தமிழ் 11 என்பது என் கண்ணுக்கு ஒத்துவருகிறது.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துவிட்டுக் குபுண்டுவில் முயன்ற நண்பர் ஒருவர், ஐபஸ் தனக்குச் சரியாக ஒத்துழைக்கவில்லை என்றார். குபுண்டுவின் மேசைத்தளமான கேடிஈ பிளாஸ்மாவில் எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற மாற்றுக் கட்டமைப்பே நன்றாக இயங்குகிறது. அதற்கும் எம்17என் தொகுப்பு தனியாக உண்டு. வேலாண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) அமர்வில் அதை இயக்கும் இடம், யாரும் எதிர்பார்க்காத வகையில், கணினி அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பக்கத்துக்குள் இருக்கிறது. திரையில் விசைப்பலகை எதுவும் வராது, பயப்பட வேண்டாம்.

இன்னொருவருக்கு, எல்லாச் செயலிகளிலும் தமிழ் வந்தது. குரோமியத்தை அடிப்படையாகக் கொண்ட ஓர் அரட்டைச் செயலியில் மட்டும் வரவில்லை. உள்நுழையும் திரையின் கீழ் மூலையில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி, பழைய முறையான எக்ஸ்ஆர்க் வழியான உபுண்டு அமர்வைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கச் சொன்னேன். அங்கே அதிலும் தமிழ் வந்தது. வேலாண்டுக்குத் திரும்பினால் மறுபடியும் நின்றது. அவர் இப்போது அந்தச் செயலிக்குப் பதிலாக அதன் வலைப்பக்கத்தையே ஃபயர்பாக்ஸில் திறந்துகொள்கிறார். நானும் அதையே செய்கிறேன்.