திறக்காமலே செத்துப்போகும் ஒயின்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு நண்பர் தன் ஒயின் சேகரிப்பைக் காட்டக் கூப்பிட்டார். கண்ணாடி அலமாரி, உள்ளே விறைப்பாக நிற்கும் பாட்டில்கள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு சின்ன விளக்கு. "ஒண்ணுகூட இன்னும் திறக்கலை. பத்து வருஷம் போகட்டும், அப்புறம் பாருங்க ருசியை" என்றார். அந்தப் பெருமை எனக்குப் பழக்கமானதுதான். நானும் ஒரு காலத்தில் இதே வசனத்தை, வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிளாஸை எங்கே பிடிப்பது, ஐஸ் போடலாமா என்பதெல்லாம் நாலு தடவை குடித்தால் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். வருடக்கணக்கில் திருந்தாமல் காசைத் தின்னும் தவறுகள் வேறு.

பழசானால் எல்லாம் ருசிக்கும் என்று பூட்டி வைப்பது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். உலகில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி, கடைக்கு வந்த சில வருடங்களுக்குள் குடித்து முடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. புதுப் பழத்தின் வாசனைதான் அதன் அழகு. நாளானால் முதலில் போவதும் அதுதான். பிரான்ஸின் போஜொலே நூவோவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் பறித்த திராட்சை, அதே வருடம் நவம்பர் மாதம் மூன்றாம் வியாழக்கிழமை பாட்டிலாக விற்பனைக்கு வந்துவிடும். சில மாதங்களில் தீர்த்துவிட வேண்டிய சரக்கு. நண்பரின் அலமாரியில் அதில் ஒன்று ஆறு வருடமாகக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

நாள்பட நிற்க வேண்டுமென்றால் அதற்கான தெம்பு உள்ளே இருக்க வேண்டும். சிவப்பு ஒயினில் அந்தத் தெம்பின் பெரும்பங்கு டானின். திராட்சையின் தோல், விதை, மரப்பீப்பாய் ஆகியவற்றிலிருந்து இறங்குவது. அதிக நேரம் ஊறிப்போன டீ நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதுதான். அறுசுவையில் துவர்ப்புக்கும் ஓர் இடம் கொடுத்த மொழியில் இதை விளக்கச் சிரமமே இல்லை. வருடங்கள் போகப் போக டானின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கும். துவர்ப்பு தணியும். பழ வாசனை விலகி உலர்ந்த பழம், பதனிட்ட தோல், காளான், ஈர மண் என்று வேறு வாசனைகள் எழும்பும். இத்தாலியின் பரோலோ, பிரான்ஸின் போர்தோ பகுதியின் நல்ல சிவப்பு, போர்ச்சுகலின் விண்டேஜ் போர்ட் எல்லாம் இப்படி முதிரக்கூடியவை. வெள்ளையில் ஜெர்மனியின் ரீஸ்லிங்கைப் புளிப்பு காப்பாற்றும். பிரான்ஸின் சோதெர்னுக்கு இனிப்பும் துணை. இந்தத் தெம்பு எதுவும் இல்லாத ஒயின் கிழடு தட்டும், அவ்வளவுதான்.

சரி, முதிரக்கூடியதையே வாங்கிவிட்டோம், தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். நான் அங்கேதான் விழுந்தேன். பாதிச் சம்பளத்தைக் கொட்டி ஒரே போர்தோவில் மூன்று பாட்டில் வாங்கினேன். அந்த வாரமே ஒன்றைத் திறந்தால் வாயில் வைக்க முடியாத துவர்ப்பு. "இது வெச்சுக் குடிக்க வேண்டியது சார்" என்றார் விற்றவர். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. வைத்த இடத்தில்தான் இருந்தது குறை. மற்ற இரண்டும் சமையலறையின் மேல்தட்டில், அடுப்புக்கு நேர் மேலே, நின்றபடி ஒன்பது வருடம் இருந்தன. பதவி உயர்வு கிடைத்த அன்று நாலு பேரைக் கூப்பிட்டு ஆடம்பரமாக ஒன்றைத் திறந்தேன். தக்கை பாதியில் பொடிந்தது. நிறம் துருப்பிடித்த தண்ணீர் மாதிரி. காய்ச்சிய ஜாமும் அடிபட்டுக் கறுத்த ஆப்பிளும் கலந்த ஒரு வாடை. வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றார்கள். அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது.

என்ன நடந்ததென்றால், சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், ஆறும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நிற்க வைத்த பாட்டிலில் தக்கை நனையாமல் காய்ந்து சுருங்கும், காற்றுக்கு வழி இன்னும் சுலபம். வருடக்கணக்கில் வைப்பதானால் 12, 13 டிகிரி செல்சியஸ், ஏறி இறங்காத சூடு, இருட்டு, படுக்கைவசம். வெளிச்சமும் எதிரிதான். நிறமில்லாத பாட்டிலில் சீக்கிரமே வெந்த முட்டைக்கோஸ் வாடை வந்துவிடும். நிறமற்ற பாட்டிலில் வரும் கிரிஸ்டல் ஷாம்பெய்னை மஞ்சள் தாளில் சுற்றி விற்பது அழகுக்காக இல்லை.

இப்படி ஓர் இடம் உங்களிடம் இல்லையென்றால், நீண்ட நாள் வைக்கும் ஆசையையே விட்டுவிடுங்கள். முதிர்ந்த ஒயின்தான் வேண்டுமென்றால், சரியாகப் பாதுகாத்தவரிடம் முதிர்ந்ததாகவே வாங்குங்கள். சில மாதம் வைக்க, சூடான அலமாரியைவிடச் சாதாரண ஃப்ரிட்ஜ் எவ்வளவோ மேல்.

என் மூன்றாவது பாட்டிலை நான் இன்னும் திறக்கவில்லை. யாராவது "சேகரிப்பு" என்று ஆரம்பித்தால் எடுத்துக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.

சிவப்பை அறையின் சூட்டிலேயே பரிமாறுவது

சிவப்பு ஒயினை அறையின் சூட்டில்தான் குடிக்க வேண்டும் என்ற பேச்சு குளிர்ந்த கல்வீடுகளின் காலத்தது. சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி போதும். அதற்கு மேலே போனால் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும். அறை சூடாக இருந்தால் பாட்டிலை இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். வெள்ளைக்கு நேர்மாறு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் குளிர் மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும்.

முதல் வாயைக் கொடுத்து நமக்குப் பிடிக்கிறதா என்று கேட்கிறார்கள் என நினைப்பது

ஓர் உணவகத்தில், இனிப்பு பத்தவில்லை என்று நல்ல பாட்டிலைத் திருப்பி அனுப்பப் பார்த்தவன் நான். பரிமாறியவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஊற்றித் தருவது, ஒயின் கெட்டிருக்கிறதா என்று நாம் பார்ப்பதற்காக. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கையில் உருவாகும் டிசிஏ என்ற வேதிப்பொருள் காரணம். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அப்போது தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

லேபிளில் "ரிசர்வ்" என்று பார்த்ததும் மயங்குவது

ஸ்பெயினின் ரியோஹாவில் அந்தச் சொல்லுக்குச் சட்டம் உண்டு. சிவப்பு ரிசர்வா என்றால் குறைந்தது 3 வருடம் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். அமெரிக்காவில் அப்படிப் பொதுச் சட்டம் இல்லை. தயாரிப்பாளருக்குத் தோன்றினால் அச்சடித்துக்கொள்ளலாம்.

திருகு மூடியைப் பார்த்து முகம் சுளிப்பது

தக்கை போட்டால்தான் நல்ல ஒயின் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் செய்பவர்கள் 2000இலேயே கூட்டாகத் திருகு மூடிக்கு மாறிவிட்டார்கள்.

மதிப்பெண் பார்த்து வாங்குவது

அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பிரபலமாக்கிய 100 புள்ளிக் கணக்கு தொடங்குவதே 50இலிருந்து. அப்புறம் நாக்கும் அவருடையது, உங்களுடையது இல்லை.

ஒன்றை மட்டும் குடித்து ஒயின் பழகுவது

ஒப்பிட எதுவும் இல்லாமல் நாக்கு எதையும் கற்காது. பிரான்ஸின் லுவார் பகுதியின் வெள்ளை சான்செர் ஒன்று, நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவின்யோன் பிளாங்க் ஒன்று, இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து ஊற்றுங்கள். இரண்டுக்கும் திராட்சை ஒன்றுதான், ஆனால் மூக்கு அதை நம்ப மறுக்கும். நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் அலமாரியில் இரண்டும் இருந்தன. அன்று இரவே திறந்தோம். போஜொலேயைக் கடைசியில் திறந்து, இருவரும் ஒரு வாய் குடித்து, மீதியை சிங்க்கில் கொட்டினோம்.