வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்வு ஆம்ப்ளிஃபயர், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு என்ற வெற்றிடக் கண்ணாடிக் குழலைக் கொண்டு ஒலியைப் பெருக்கும் கருவி, வாங்கும் பலர், எந்த வால்வு, எந்த ஆண்டுத் தயாரிப்பு, எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று மாதக்கணக்கில் ஆராய்வார்கள். ஸ்பீக்கரை மட்டும் வீட்டில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று இருந்துவிடுவார்கள். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரோடு இப்படிச் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வால்வு ஆம்ப்ளிஃபயரோடு செய்தால் கெட்டுவிடும். ஏனெனில் வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஒலியை அதனோடு இணைக்கும் ஸ்பீக்கரின் மின்குணம் கூடவே இருந்து தீர்மானிக்கிறது.

முதல் குழப்பம் வாட் என்ற சொல்லில் தொடங்குகிறது. ஸ்பீக்கரின் முதுகில் 100 வாட் என்று அச்சிட்டிருந்தால், அதற்கு 100 வாட் கொடுத்தால்தான் பாடும் என்று பொருளில்லை. அந்த அளவு வரை அதன் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகாமல் தாங்கும் என்றே பொருள். நமக்குத் தேவையான எண் உணர்திறன், அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும்போது எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பது. ஸ்பீக்கர் எவ்வளவு விரயம் செய்யும் கருவி என்பதும் இந்த எண்ணில் தெரியும்: 92 டெசிபல் உள்ள ஸ்பீக்கர், பெற்றுக்கொண்ட மின்சக்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக்குகிறது, மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. மின்சக்தி இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் மின்சக்தி பத்து மடங்காக வேண்டும். 300பி வால்வு ஒன்றை ஒற்றையாக வைத்துக் கட்டிய ஆம்ப்ளிஃபயர் 8 வாட் அளவில் தரும். அதைக் கொண்டு 96 டெசிபல் ஸ்பீக்கரில் எழுப்பும் அதே ஒலியை 86 டெசிபல் ஸ்பீக்கரில் எழுப்ப 80 வாட் வேண்டும். 2ஏ3 போன்ற வால்வில் கிடைப்பது 3 அல்லது 4 வாட் மட்டுமே என்பதால் அங்கே நிலைமை இன்னும் இறுக்கமானது.

சராசரி ஒலிக்கு 1 வாட்கூடத் தேவைப்படாதே என்று இதற்கு ஒரு பதில் சொல்லப்படுவதுண்டு. அது உண்மையும்கூட. ஆனால் தவிலின் ஓர் அடியோ மிருதங்கத்தின் ஒரு சாப்போ சராசரியைவிட 10 முதல் 15 டெசிபல் வரை மேலே எகிறும், சில பதிவுகளில் அதற்கும் மேலே போகும். அந்தக் கணத்துக்கு மின்சக்தி பத்து முதல் முப்பது மடங்கு வேண்டும். மின்சக்தி போதாமல் போகும்போது, பின்னூட்டம் (வெளிவரும் சைகையில் ஒரு பகுதியை உள்ளே திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்தும் முறை) இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபயர் கரகரப்பதில்லை. அலையின் முனையை மெல்ல மழுக்கிவிடுகிறது. கேட்பவர் அதைக் கோளாறு என்றே உணர்வதில்லை. அடி மந்தமாகிறது, பாட்டு கொழகொழத்து ஒலிக்கிறது, அதையே வால்வின் இனிமை என்று எடுத்துக்கொள்கிறார். என் முதல் வால்வு ஆம்ப்ளிஃபயரை 86 டெசிபல் ஸ்பீக்கரோடு இணைத்து ஓராண்டு அப்படித்தான் நானும் மயங்கிக் கிடந்தேன்.

உணர்திறன் எண்ணைப் பார்க்கும்போது அதை எப்படி அளந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் 1 வாட்டுக்கு அளக்காமல் 2.83 வோல்ட்டுக்கு அளந்து போடுகின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். ஆகவே 90 என்று போட்டிருந்தால் அது உண்மையில் 87. வாட்டை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய வால்வுக்காரருக்கு இந்த 3 டெசிபல் பாதி ஆம்ப்ளிஃபயருக்குச் சமம்.

ஆனாலும் உணர்திறன் ஒன்றையே பிடித்துக்கொண்டு அலைவதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு என்பேன். அதைவிட முக்கியமானது இம்பீடன்ஸ், அதாவது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும் மின்தடை. 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. கீழ்ஒலியைத் தரும் வூஃபர் இயல்பாகவே அதிரும் தாழ்ந்த அதிர்வெண்ணில் அது 30 ஓம் வரை ஏறலாம். அதற்குச் சற்று மேலே 4 ஓமுக்கு இறங்கலாம். கீழ்ஒலியையும் மேல்ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் இருக்கும் இடத்தில் மீண்டும் ஏறலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் உள்மின்தடை ஓம் கணக்கில் மிகச் சிறிய பின்னம் என்பதால் இந்த ஏற்ற இறக்கம் ஒலியைத் தொடுவதில்லை. பின்னூட்டம் இல்லாத ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்மின்தடையோ 2 அல்லது 3 ஓம் இருக்கும். ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும், ஸ்பீக்கரின் ஓம் தாழத் தாழ அந்தப் பங்கு கூடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சங்கதி என்று விளங்கும். உள்மின்தடை 2.5 ஓம் என்று கொள்வோம். ஸ்பீக்கர் 30 ஓமில் நிற்கும் அதிர்வெண்ணில் இழப்பு 0.7 டெசிபல், 4 ஓமில் நிற்கும் இடத்தில் 4.2 டெசிபல். இடையே உள்ள 3.5 டெசிபல் வேறுபாடு, ஸ்பீக்கரை வடிவமைத்தவர் கனவிலும் எண்ணாத ஒரு மேடு பள்ளமாக இசையின் மேல் ஏறிவிடுகிறது. அதே ஸ்பீக்கரில் 0.05 ஓம் உள்மின்தடை கொண்ட டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் உண்டாக்கும் வேறுபாடு 0.1 டெசிபல்தான். ஒரே ஸ்பீக்கரை ஒருவர் புகழ்வதற்கும் இன்னொருவர் இகழ்வதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம். இருவர் காதிலும் பழுதில்லை.

வூஃபரின் கூம்புத்தாளைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மின்தடுப்பும் இதனால் தளர்கிறது. சுருளின் மின்தடை 6 ஓம், ஆம்ப்ளிஃபயரின் உள்மின்தடை 2 ஓம் என்றால், மின்தடுப்பு நான்கில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். ஏற்கெனவே துளை வைத்து, தாழ்ந்த ஒலியைச் சற்றுத் தூக்கி அமைத்த பெட்டியாக இருந்தால், அடி விழுந்த பிறகும் ஒலி அடங்காமல் நீளும்.

எல்லா வால்வு ஆம்ப்ளிஃபயரையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறே. இஎல்34 வால்வுகள் இரண்டை ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் புஷ்-புல் முறையில் நிறுத்தி, பின்னூட்டமும் கொடுத்துக் கட்டிய ஆம்ப்ளிஃபயர் 35 வாட் அளவில் தரும். அதன் உள்மின்தடை பெரும்பாலும் 1 ஓமுக்கு அருகிலோ கீழோ இருக்கும். அதற்கு ஏற்ற ஸ்பீக்கர்களின் பட்டியல் வேறு, 300பி ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற பட்டியல் வேறு.

உணர்திறன் மட்டுமே எல்லாம் அல்ல என்பதற்கு, பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கர் நல்ல சான்று. அதன் உணர்திறன் 83 டெசிபலை ஒட்டியதே. ஆனால் முதலில் வந்தது 15 ஓம் ஸ்பீக்கர். அது எங்கும் ஆபத்தாகத் தாழ்ந்து விழுவதில்லை. ஆகவே 15 வாட் தரும் குவாட் 2 போன்ற ஆம்ப்ளிஃபயரோடு, சிறிய அறையில், அருகே உட்கார்ந்து வாய்ப்பாட்டு கேட்பவருக்கு அது மனநிறைவு தரும். நாகசுரக் கச்சேரியை நேரில் கேட்கும் அளவுக்கு அதை முழங்கச் செய்ய முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 95 டெசிபல் என்று விளம்பரப்படுத்திவிட்டு ஓரிடத்தில் 3 ஓமுக்குக் கீழே சரியும் ஸ்பீக்கரைவிட, 89 டெசிபலில் 6 ஓமுக்குக் குறையாமல் சமமாக நிற்கும் ஸ்பீக்கரையே நான் எடுப்பேன்.

சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ்ஒலி, உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றையும் ஒருசேர எதிர்பார்ப்பதும் வீண். ஹாஃப்மன் விதி என்று வழங்கப்படும் கோட்பாட்டின்படி இவற்றில் இரண்டுதான் கிடைக்கும். 1954இல் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் மூடிய சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலியைக் கொண்டுவந்தபோது அதற்கு விலையாகக் கொடுத்தது உணர்திறனைத்தான். பின்னர் டிரான்சிஸ்டர் வாட்டுகள் மலிந்ததால் அந்த வழியே பொதுவழியாயிற்று. அதற்கு முந்தைய திரையரங்குகள் சில பத்து வாட்டுகளைக் கொண்டு ஆயிரம் பேருக்குக் கேட்கச் செய்ததற்குக் காரணம், திரைக்குப் பின்னால் நின்ற பிரம்மாண்டமான ஹார்ன் கூம்புகள். (வால்வை ஆங்கிலத்தில் ட்யூப், அதாவது குழாய், என்றும் சொல்வார்கள். நம் ஊரில் குழாய் என்றால் வால்வு அல்ல, கோயில் கொடையில் மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர்தான், அந்தக் குழாயும் இந்த வால்வும் பழைய கூட்டாளிகள்.)

அதற்காக ஹார்ன் கூம்பையோ, ஒற்றைக் கூம்புத்தாளில் எல்லா ஒலியையும் தரும் முழுவீச்சு ஸ்பீக்கரையோ கேட்காமல் வாங்கிவிடக் கூடாது. முழுவீச்சு வகைகளில் பலவற்றுக்கு உணர்திறன் உயர்ந்திருப்பது நடு, மேல் ஒலிகளில்தான். பெண் குரல் சற்றே கத்தும், கீழ்ஒலி மெலியும். டைல்ஸ் பதித்த தளமும் வெற்றுச் சுவருமாக இருக்கும் அறையில் அந்தக் கத்தல் இன்னும் கூர்மையாகும்.

ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்தபின், ஆம்ப்ளிஃபயரின் பின்புறமுள்ள 4, 8, 16 ஓம் முனைகளில் பெயர் பொருந்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் இணைத்தால் கிடைக்கும் வாட் சற்றுக் குறையும், ஆனால் உள்மின்தடையும் குறைவதால் கீழ்ஒலி இறுகும். பல ஸ்பீக்கர்களுக்கு அதுவே பொருந்துகிறது. மாறாக, 4 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் வைத்தால் வால்வின் சுமை கூடி, ஒலியும் சிதையும். முனை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டே மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் கம்பி கழன்ற நிலையில் பாட்டை ஓடவிட்டால், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில், வால்வுப் பக்கச் சுருளில் மின்னழுத்தம் எகிறி அதன் மின்காப்பு உடைந்துபோகலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரிலேயே விலை கூடிய பாகம்.