வேலை முடிந்து உவரிக் கடற்கரையில் ஒரு நடை: கிழமை, பிறை, வற்றம்

எனக்கு வீடும் வேலையும் திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளையில். உவரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் பல வருடம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கடலுக்குப் போனேன், அன்றைக்கு வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குவதால் அலைச்சத்தம்கூடச் சரியாகக் காதில் விழாது. இப்போது இரண்டு வருடமாக வாரநாளில் ஒரு சாயங்காலம் போகிறேன். ஏழு மணிக்கு மணலில் கால் வைத்தால் எட்டரைக்குத் திரும்பிவிடுவேன், அந்த வாரத்திலேயே மனசு லேசாகிற நேரம் எனக்கு அதுதான். புதிதாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கிழமை. செவ்வாய்க்கிழமை வேண்டாம், அது அந்தோணியாருக்கு உரிய நாள், கோவிலுக்கு எங்கெங்கிருந்தோ வருவார்கள். திங்களும் வெள்ளியும் சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்கு ஆட்கள் வருகிற நாள், அமாவாசையும் அப்படித்தான். மிச்சம் புதனும் வியாழனும். எனக்கு வியாழன் பிடிக்கும். திருச்செந்தூர் உங்களுக்குப் பக்கம் என்றால் பௌர்ணமியன்று அங்கே அமைதியைத் தேடிப் போகாதீர்கள், விடிய விடியக் கடற்கரையில் தங்குகிற கூட்டம் இப்போது ரொம்பப் பெரிது.

அப்புறம் பிறை. நம் கரையில் சூரியன் ஊர்ப்பக்கம் மறையும், நிலாதான் கடலிலிருந்து எழும். பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டியே எழுந்துவிடும், அடுத்த நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும், அதற்கடுத்த நாள் இன்னொரு 50. ஆகவே வளர்பிறை தசமியிலிருந்து பௌர்ணமிக்கு மறுநாள் வரை நமக்கு வாகான நாட்கள், டார்ச் இல்லாமலே நடக்கலாம். ஆனி, ஆடியில் தென்கிழக்கே தள்ளி நடுக்கடலில் எழும், மார்கழியில் வடகிழக்கே பெரியதாழைப் பக்கமாக எழும். திதி பார்க்க போனில் எத்தனையோ செயலிகள் இருக்கின்றன, எனக்கு அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும், போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும்.

இனி வற்றம், அதாவது கடல் தண்ணீர் இறங்கி நிற்கிற நேரம்; ஏறி நிற்பது ஏற்றம். இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது இதில்.

முதல் தடவை வாரநாளில் போனபோது கிழமை, நிலா எல்லாம் சரியாக இருந்தது. ஈரமணல் சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருந்ததால் பெரியதாழைப் பக்கமாக நாற்பது நிமிடம் நடந்துவிட்டேன். திரும்பினால் அந்தக் கெட்டித் தடமே இல்லை. தண்ணீர் மேட்டின் அடிவரை ஏறியிருந்தது, மிச்சமிருந்தது சரிவான பொலபொலவென்ற மணல், ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் வரை உள்ளே போகும். நாற்பது நிமிட வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று, முழங்கால் இரண்டு நாள் வலித்தது. வள்ளத்துப் பக்கத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி, “தம்பி, வத்தம் பாத்துல்லா வரணும், தண்ணி ஏறுத நேரத்துல வந்திருக்கிய” என்றார். அவரே பக்கத்தில் உட்காரவைத்து விளக்கமும் சொன்னார்.

கணக்கு இதுதான். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நம் பக்கம் இரண்டுக்கும் உயர வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் நடக்கிற தடம் இருப்பதும் போவதும் அந்தக் கொஞ்சத்தில்தான். வற்றம் இன்று ஏழு மணிக்கு என்றால் நாளை ஏழு ஐம்பதை ஒட்டி வரும், பதினைந்து நாள் கழித்து மறுபடி ஏழு மணிப் பக்கம் வந்து நிற்கும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் ஏற்ற வற்ற நேரங்களை இணையத்தில் போடுகிறது. தூத்துக்குடி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உவரிக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு நடக்கத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் போகும்போது தடம் அகலமாகிக்கொண்டே வரும், திரும்பும்போதும் இருக்கும். இன்னொன்று, வற்றத்தில் மணல் கொஞ்சம் மட்டமாக இருக்கும், ஏற்றத்தில் சரிவில் நடப்பதால் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே என்று இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கையில் என்ன வேண்டும்? ரப்பர் செருப்பு, சின்ன டார்ச், தண்ணீர். ஈரமணலில் வெறுங்கால்தான் சுகம், ஆனால் வலை உதறுகிற இடங்களில் கெளுத்தி முள் கிடக்கும், அங்கே செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். வலை, கயிறு மேல் மிதிக்க வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு. டார்ச் முகப்பில் சிவப்பு செல்லோபேன் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிவிடுங்கள், சிவப்பு வெளிச்சத்தில் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது, போன் வெளிச்சம் அதைக் குருடாக்கிவிடும். தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகிற காலம், ஒன்றைப் பார்த்துவிட்டால் விளக்கை அணைத்துத் தள்ளி நின்றுவிடுங்கள், படம் எடுக்க வேண்டாம்.

மணலில் கறுப்பும் சிவப்புமாகக் கோடுகள் தெரிந்தால் அழுக்கு என்று நினைக்காதீர்கள். இல்மனைட், கார்னட் என்ற கனமான தாதுக்கள் அவை, அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போக இவை தங்கிவிடும்.

சேர்ப்பு 1: இதைப் படித்துவிட்டு ஆடியில் போன ஒருவர் கண்ணெல்லாம் மணல் என்று எழுதியிருந்தார். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முதலில் தென்மேற்காக, காற்றுக்கு எதிரே நடங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே முதுகில் தள்ளிக் கொண்டுவந்துவிடும். மாற்றிச் செய்தால் கஷ்டம்.

சேர்ப்பு 2: காற்றே இல்லாத நாளில் திடீரென அலை மேட்டுவரை வந்தது ஏன் என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். அது கள்ளக்கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை இங்கே வந்து ஏறுவது, வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். இன்காய்ஸ் இதற்கும் எச்சரிக்கை விடுகிறது. வற்ற நேரம் பார்க்கும்போதே அதையும் பாருங்கள், எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். நான் போன மாதம் ஒரு வியாழன் அப்படித்தான் வீட்டிலேயே இருந்துவிட்டேன், மொட்டைமாடியில் நடந்தேன்.