குளிர்காலக் காலையில் லைட் பாக்ஸ்: எங்கே வைப்பது, எப்போது போடுவது

டொராண்டோவில் டிசம்பர் 21 அன்று பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஜூனில் அது 15 மணி நேரத்தைத் தாண்டும். சென்னையில் இந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால் நவம்பர் பிறந்ததும் படுக்கையை விட்டு எழ முடியாமல் போவதையும், சோறும் இனிப்பும் கூடுதலாக இழுப்பதையும் சோம்பல் என்றே நம்மவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலின் குழு 1984இல் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தது. இதற்காகக் காலையில் போட்டுக்கொண்டு உட்காரும் மிகப் பிரகாசமான விளக்குதான் லைட் பாக்ஸ்.

கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே, பக்கத்துக்குச் சுமார் 10,000 நரம்பணுக்களுடன் ஒரு ஜோடி முடிச்சு இருக்கிறது. உடலின் கடிகாரம் அதுதான். விழித்திரையில் நீல ஒளிக்கு அதிகம் துடிக்கும் சில உயிரணுக்கள், பகலா இரவா என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நெதர்லாந்தில் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்த ஹோஃப்மனும் ஸ்வாபும், இந்த முடிச்சில் ஒரு வகை அணுக்களின் எண்ணிக்கை பருவத்துக்குப் பருவம் மாறுவதைக் கண்டார்கள். பகல் நீளமான நாள்களில் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸ் சற்றுப் பெரிதாக இருந்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. ஆனால் அது வெவ்வேறு ஆள்களை ஒப்பிட்டது, ஒரே ஆளை ஆண்டு முழுக்கப் பின்தொடர்ந்ததல்ல. ஆகவே ‘மூளையை வளர்க்கும் விளக்கு’ என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். விளக்கின் வேலை கடிகாரத்தைச் சரிசெய்வதும் சோர்வைக் குறைப்பதும்தான்.

வாங்கும்போது 10,000 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்பதை மட்டும் பார்க்காமல், அது எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்று பாருங்கள். ஏமாற்றமே இங்கேதான். சின்ன விளக்குகளில் 15 சென்டிமீட்டரில் மட்டும்தான் அந்த அளவு கிடைக்கும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் பாதியாகாது, ஏறக்குறைய கால் பங்காகிவிடும். மூக்கை ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் யார் உட்காருவார்கள்? 30 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கக்கூடிய, அகலமான பலகை வகையே நல்லது. புற ஊதாக் கதிரை வடிகட்டியதாக இருக்க வேண்டும். அதனால் வைட்டமின் டி இதில் கிடைக்காது.

சாப்பாட்டு மேசையில், நேர் எதிரே வைக்காமல் ஒரு பக்கமாக, கண் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். விளக்கையே முறைக்க வேண்டாம்; கண் திறந்திருந்தால் போதும். தேநீர் குடிக்கலாம், பேப்பர் படிக்கலாம். குனிந்து போன் பார்ப்பதுதான் ஆகாது: ஒளி நெற்றியில் விழும், கண்ணுக்குப் போகாது. லக்ஸ் மீட்டர் இருந்தால் கண் இருக்கும் இடத்தில் பிடித்து அளந்துவிடுங்கள். போன் செயலி தோராயம்தான்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 10,000 லக்ஸில் 30 நிமிடம். 5,000 லக்ஸ்தான் கிடைக்கிறது என்றால் ஒரு மணி நேரம். ஞாயிறும் அதே நேரம்தான். மாலையில் போட்டால் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போய் இரவு தூக்கம் வராது. மாறாக, விடியுமுன் 3 மணிக்கே விழிப்பு வந்தால் விளக்கு நேரம் மிகவும் முந்திவிட்டது. சற்றுப் பிந்திப் போடுங்கள். தலைவலியோ கண் எரிச்சலோ வந்தால் 15 நிமிடத்தில் தொடங்கிக் கூட்டலாம். ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும்.

விழித்திரைக் கோளாறு, கண்ணைத் தாக்கிய சர்க்கரை நோய், தோலை ஒளிக்குக் கூச வைக்கும் மருந்துகள் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இருமுனை மனநோய் உள்ளவர்கள் தாமாகத் தொடங்கவே கூடாது; ஒளி அவர்களை மிகை உற்சாக நிலைக்குத் தள்ளக்கூடும். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இது விளக்கோடு தீர்கிற விஷயமல்ல, அன்றைக்கே மருத்துவ உதவி தேடுங்கள்.

இடையில் நன்றாகிவிட்டது என்று ஜனவரியில் நிறுத்தினால் சோர்வு திரும்பிவிடக்கூடும். ஏப்ரல்வரை ஓட்டுங்கள். பெட்டியில் எடுத்து வைக்கும்போது, உங்களுக்குச் சரியாக அமைந்த தூரத்தையும் நேரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி விளக்கின் முதுகில் ஒட்டிவிடுங்கள்; அக்டோபரில் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம்.