வேலையாட்களுக்கு என்ன தேவை என்று கண்டுபிடிப்பது எப்படி?

எல்லோரையும் கூட்டி வைத்து "ஏதும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். கல்முனையில் துணிக்கடை என்றாலும் சம்மாந்துறையில் அரிசி ஆலை என்றாலும் இதே கதைதான். தனியாகக் கதையுங்கள், கல்லாவுக்கு முன்னால் நிற்க வைத்து அல்ல, தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், அதுவும் குறிப்பாக: "எட்டு மணிக்குக் கடை பூட்டினால் பஸ் கிடைக்குதா?" அப்போதுதான் களுவாஞ்சிகுடியிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளை பெருநாள் வியாபாரத்திலும் ஏன் ஏழரைக்கே மணிக்கூட்டைப் பார்க்கிறாள் என்பது விளங்கும்.

கேட்டதைக் கொப்பியில் எழுதி, முடியுமா முடியாதா என்று அந்தக் கிழமைக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். "பார்ப்பம்" என்று இழுப்பதுதான் ஆளை வெறுக்க வைக்கும். நோன்பு காலத்தில் நேரத்தை மாற்றுவது, வெள்ளாமை வெட்டுக்கு முன்பே லீவைப் பிரித்து வைப்பது எல்லாம் பெரிய செலவில்லாத வேலை.

அப்புறம் ஈபிஎஃப், அதாவது இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி. அவர்கள் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம், அதுவும் நீங்கள் கட்டுவது. இது சட்டம், நீங்கள் செய்யும் உபகாரம் இல்லை. இதைக் கட்டாமல் பெருநாளுக்குச் சாரமும் சாரியும் கொடுத்து நல்ல முதலாளி என்று பெயரெடுக்கப் பார்க்காதீர்கள். கட்டிய விபரத்தை ஒவ்வொருவருக்கும் காட்டுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.